மாப்பிள்ளை தாடி எடுத்த நாள்

திருமயத்தில் என் மதினி வீட்டுக் கூடம். பெண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் புதுக்கோட்டையிலிருந்து கொண்டுபோன புளிச்சோறும் எள்ளுச்சோறும் தேங்காய்ச்சோறும் தீர்ந்துபோய், தயிர்ச்சோறு மட்டும் வெண்கலப் பானையின் அடியில் கிடந்தது. கூடமெங்கும் நல்லெண்ணெய் மணம். என் மகள் வடிவு, கழுத்து தாங்காத மல்லிகையோடு, ஒரு தாம்பாளத்தை இடுப்பில் அணைத்தபடி அந்த வரிசைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொருத்தி மடியிலும் வெற்றிலை, விரலி மஞ்சள், ஒரு வாழைப்பழம்.

பிள்ளை உண்டான ஐந்தாம் மாதம், பிறந்த வீட்டார் சோறு கட்டிக்கொண்டு போய்ப் பெண்ணுக்குப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டுச்சோறு என்போம். வந்தவர்களுக்கு வடிவு கையாலேயே மஞ்சள் கொடுக்க வேண்டும் என்று மதினி சொல்லிவிட்டார். மதினி என் கணவரின் அக்காள். அவருடைய ஒரே மகன் சுப்பையாவுக்குத்தான் வடிவைக் கொடுத்திருந்தோம்.

வடிவு வரிசையின் கடைசி வரை போனாள். திரும்பி வந்து தாம்பாளத்தைத் தரையில் வைத்தாள். வேலை முடிந்தது என்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தூணோரமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியத்தை மடி காலியாக இருந்தது.

"எல்லார் மடியும் நெறஞ்சிருச்சு. எம் மடி மட்டும் ஓட்டைன்னு நெனைச்சுட்டா போல" என்றார் பெரியத்தை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருக்குப் பிள்ளை கிடையாது.

"ஐயோ பெரியத்தை, நீங்க எங்கிட்டு இருந்தீக? நான் பாக்கவே இல்லையே!"

"ஆமாம்டி, நான் ஒரு எறும்பு. ஒங் கண்ணுக்கு எப்படித் தெரிவேன்?"

மதினி ஓடி வந்தார். "மசக்கைக்காரிக்கு நெனப்பு ஒரு எடத்துலயா நிக்குது? நேத்து உப்புக்குப் பதிலா கோலமாவை அள்ளிக் கொழம்புல போடப் பாத்தா. இந்தாங்க, நீங்கதான் மொத ஆளு" என்று தாம்பாளத்தோடு அவர் முன்னால் உட்கார்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியத்தையும் வாங்கிக்கொண்டார். போகும்போது பழத்தை மட்டும் தூணடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வடிவு அந்தப் பழத்தைப் பார்த்து அழுதாள். "சத்தியமாப் பாக்கலம்மா. வேணும்னா செஞ்சேன்?"

எழுதுவதா, வேண்டாமா

போன இதழில் வடிவின் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். அதற்கு மேல் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பெண்கள் உடம்பைப் பற்றிய சங்கதிகள் வரும். நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் அதையெல்லாம் எழுதலாமா என்று என் கணவர் கேட்டார். அவர் சமஸ்தான ஆபீசில் வேலை பார்த்தவர். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பவர். பிறகு அவரே, "எழுது. இன்னொரு வீட்ல இதே மாதிரி கட்டுச்சோறு போட்டுக்கிட்டு இருப்பாங்க" என்றார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் யாராவது, "காலைல எந்திரிக்கிறப்பவே தலையை வலிக்குது" என்று சாதாரணமாகச் சொன்னால், வாந்தியும் வருகிறதா என்று கேட்டுவிடுகிறேன். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி கரும்பலகையைப் பக்கவாட்டில் தலை சாய்த்துப் பார்த்தால் அன்று முழுவதும் எனக்குப் பாடம் நடத்த வராது. அவளை அருகே கூப்பிட்டு, என் விரலைக் காட்டி, "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தோஷம் வந்த விதம்

கல்யாணமாகி இரண்டு வருஷம் வடிவுக்குப் பிள்ளை இல்லை. அவளை யாரும் திட்டவில்லை. மதினி தங்கமானவர். ஆனால் கோயிலுக்குப் போனால் எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுப்பார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் யாராவது ஒரு குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைப்பார்கள். வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் அவள், "என் மடி எல்லாருக்கும் பொதுவாப் போச்சும்மா" என்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் மாதவிலக்கு நின்றது. பிறகு காலையில் எழுந்ததும் வாந்தி. தலைவலி. மருத்துவச்சி வந்து நாடி பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், சர்க்கரையைக் கொண்டு வரச் சொன்னார். வேறு என்ன வேண்டும்? மதினி அன்றைக்கே ஆளனுப்பினார்.

நாலாம் மாதத்தில் வடிவு என் காதில் வந்து ரகசியமாக ஒன்று சொன்னாள். உள்சட்டை நனைகிறது, பால் சொட்டுகிறது என்றாள். இவ்வளவு சீக்கிரமா என்று நான் மருத்துவச்சியைக் கேட்டேன். "குடுத்து வச்ச புள்ளை. வாரதுக்கு முன்னாடியே வந்து நிக்குது பாருங்க" என்றார். வயிறு ஏன் தெரியவில்லை என்று கேட்டதற்கு, "சில புள்ளைக முதுகை ஒட்டிக் கெடக்கும். வயித்தை அளக்காதீங்க, கண்ணு படும்" என்றார்.

மாப்பிள்ளைக்குத் திருமயம் கடைவீதியில் தானியக் கடை. நெல் தூசியிலேயே நின்று வேலை பார்த்தாலும் முகம் எப்போதும் பளிச்சென்றிருக்கும். வாரம் தவறாமல் முகச் சவரம், நெற்றியில் அளவான திருநீறு. மனைவி பிள்ளை சுமக்கும்போது கணவன் முடி வெட்டுவதில்லை, முகம் மழிப்பதில்லை. அவரும் கத்தியைத் தொடுவதில்லை என்று இருந்துவிட்டார். தாடி வளர்ந்து, கடைத்தெருவில் எல்லாரும் அவரைச் சாமியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"இன்னிக்கு நாவிதர் கடைக்கே வந்துட்டாராம்மா" என்று வடிவு ஒரு நாள் சொன்னாள். "'மொதலாளி, ஒங்க தாடியால எங் குடும்பம் பட்டினி கெடக்குது, சீக்கிரம் பெத்துக் குடுக்கச் சொல்லுங்க'ன்னாராம். அவுக வெக்கப்பட்டுக்கிட்டு உள்ளே போயிட்டாக." சொல்லிவிட்டு அவளும் வெட்கப்பட்டாள். அந்தத் தாடி அவளுக்கு ஒரு நகை மாதிரி இருந்தது. வீதியில் போகிறவர்களெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தே அவள் வயிற்றை நினைத்துக்கொள்வார்கள் அல்லவா?

மீமிசல் வாடை

வடிவை நான் பெற்றது மீமிசலில், என் அப்பா வீட்டில். அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். கடலில் இருந்து படகு கரைக்கு வந்து மீனைக் கொட்டும் நேரம் எனக்குத் தெரிந்துவிடும். காற்று வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் நான் கொல்லைப்பக்கம் ஓடிவிடுவேன். கருவாடு காய்கிற மணலைத் தாண்டிப் போக முடியாது. தாளிக்கிற வாசனை ஆகாது, சோப்பு வாசனை ஆகாது. என் அம்மா ஒரு துண்டு நார்த்தங்காயை என் வாயில் அடக்கிவிடுவார்.

வடிவின் வாந்தி அப்படி இல்லை. மீன் குழம்பை அவள் ஆசையாகச் சாப்பிட்டாள். எந்த வாடையும் அவளை ஒன்றும் செய்யவில்லை. பாயிலிருந்து எழுந்ததும், குமட்டல்கூட இல்லாமல், குபீரென்று எடுப்பாள். எடுத்த பிறகு தலைவலி கொஞ்சம் குறைந்திருக்கும். இது எனக்கு வித்தியாசமாகப் பட்டது. மதினியிடமும் சொன்னேன். "ஒவ்வொரு ஒடம்பும் ஒவ்வொரு தினுசு மரகதம். நீ பள்ளிக்கொடத்துல கணக்கு மாதிரி எல்லாத்துக்கும் ஒரே விடை எதிர்பாக்குறே" என்றார். மரகதம் என் பெயர்.

மீமிசலைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வடிவுக்கு நாலைந்து வயதிருக்கும். அப்பா அவளைத் தோளில் உட்கார வைத்துக் கடலைக் காட்டினார். "எம்புட்டுப் பெருசு தாத்தா! இங்கிட்டும் கடலு, அங்கிட்டும் கடலு!" என்று இரண்டு கையையும் விரித்துக் கத்தினாள். தலையைத் திருப்பாமலே இரண்டு பக்கமும் பார்த்தாள். அந்தக் காட்சி என் மனசில் சும்மா கிடந்தது. பிற்பாடுதான் அது எத்தனை பெரிய செல்வம் என்று தெரிந்தது.

சீப்பு

கட்டுச்சோற்றுக்குப் பிறகு வடிவைக் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று புதுக்கோட்டைக்கு அழைத்து வந்தேன். அது யுத்த காலம். பஸ் கரியில் ஓடியது. பின்னால் அடுப்பை வைத்துக் காற்றாடியைச் சுற்றிச் சுற்றி, புகையோடு ஊர்ந்து வந்து சேர்ந்தோம். வடிவு வழியெல்லாம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் ஊர் வீதிகள் அகலமானவை. நேராகக் கோடு போட்ட மாதிரி ஓடும். அதில் அவள் நடந்து வரும்போது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. மணிச்சத்தம் எனக்குக் கேட்கிறது, அவளுக்கும் கேட்டிருக்கும். ஆனால் மாட்டின் மூச்சு தோளில் படுகிற வரை அவள் ஒதுங்கவில்லை. வண்டிக்காரர் கத்தினார்: "ஏ தாயி, மாடு என்ன ஒனக்கு மறைஞ்சா வருது?"

வீட்டுக்கு வந்ததும் நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டாள். அன்றைக்கு அது முதல் தடவையும் இல்லை. அவள் முழங்கையிலும் தோளிலும் பழைய கன்றல்கள் இருந்தன.

மறுநாள் பின்னால் உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சீப்பை மெல்ல அவள் காதுக்கு நேராக நீட்டினேன். சும்மா இருந்தாள். இன்னும் முன்னால் கொண்டுபோனேன். கன்னத்தைத் தாண்டி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்போதும் சும்மா இருந்தாள். மூக்குக்கு நேராகக் கிட்டத்தட்ட வந்த பிறகுதான், "என்னம்மா சீப்பை மூஞ்சியில நீட்டுறே?" என்று சிரித்தாள். கையை மாற்றி இந்தப் பக்கம் செய்து பார்த்தேன். இந்தப் பக்கமும் அப்படியே.

பின்னலைப் போடாமலே சீப்பைக் கீழே வைத்தேன்.

டாக்டரம்மா காட்டிய விரல்

பெண்கள் ஆஸ்பத்திரியில் அப்போது இருந்த டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். கொஞ்சம் கடுகடுப்பு. ஆனால் அவசரப்படாதவர். நான் தலைவலி என்றுதான் சொன்னேன். அவர் வடிவை உள்ளே அழைத்துப்போய் நீண்ட நேரம் பரிசோதித்தார். பிறகு ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்து, "என் மூக்கையே பாரு. கண்ணை அசைக்கக் கூடாது" என்றார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து விரல்களை ஆட்டிக்கொண்டே முன்னால் கொண்டுவந்தார். நான் சீப்பால் செய்ததைத்தான் அவர் விரலால் செய்தார்.

"தெரியுதா?"

"இல்லீங்க."

"இப்ப?"

"இல்லீங்க... ஆங், இப்பத் தெரியுதுங்க."

பிறகு அறையை இருட்டாக்கி, சிறிய கண்ணாடி பதித்த கருவியை வைத்து அவள் கண்ணுக்குள் பார்த்தார்.

"டீச்சர், கொஞ்சம் வெளியே வாங்க" என்றார். வராந்தாவில் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார். "வயித்துல குழந்தை இல்லை."

எனக்கு முதலில் புரியவில்லை. கலைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"கலையலை. உண்டாகவே இல்லை." தன் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டினார். "ரெண்டு கண்ணோட நரம்பும் மூளைக்குப் போற வழியில இப்படிக் குறுக்கே தாண்டுது. அதுக்குக் கீழே பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. அதுலதான் ஏதோ வளர்ந்திருக்குன்னு நினைக்கிறேன். மாதவிலக்கை நிறுத்துறதும் அதுதான். பாலைச் சொட்ட வைக்கிறதும் அதுதான். மேலே வளர்ந்து நரம்பை அழுத்துது. அதனால ரெண்டு ஓரமும் முதல்ல இருட்டாயிருக்கு. விட்டா நடுவும் போயிடும்."

"புற்றாங்க?"

"இப்ப என்னால சொல்ல முடியாது. சாதாரணக் கட்டியாவும் இருக்கலாம். எதுவா இருந்தாலும் மண்டைக்குள்ள இடம் கிடையாது, டீச்சர். பொறுத்துக்கிட்டே இருந்தா பார்வை போகும். அப்புறம் உயிரும் போகும். சென்னைக்குப் போங்க. அங்கே மண்டையைப் படம் எடுப்பாங்க. எக்ஸ்ரேயாலேயே வைத்தியமும் செய்வாங்க. அதுல சுருங்கலைன்னா திறந்துதான் எடுக்கணும்."

அப்போது என் கண்முன் வந்தது, தூணடியில் கிடந்த அந்த வாழைப்பழம். பெரியத்தை உட்கார்ந்திருந்த இடம் வடிவுக்கு இல்லவே இல்லாத இடமாக இருந்திருக்கிறது. கூடத்தின் நடுவில் ஒரு துண்டு மட்டும் அவளுக்குக் கூடமாகத் தெரிந்திருக்கிறது.

"எம் புள்ளை அசையுதே"

டாக்டரம்மா வடிவிடமும் நேராகச் சொன்னார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியலம்மா" என்றாள். "எம் புள்ளை அசையுதே. நேத்துக்கூட இங்கிட்டு ஒதைச்சிச்சு." என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். அங்கே ஒன்றும் அசையவில்லை. அவள் விரல்கள்தான் என் கையை அழுத்திக்கொண்டிருந்தன.

"சென்னைக்கு வர மாட்டேன். அந்த வெளிச்சத்துல எம் புள்ளை கருகிப் போயிரும்."

என் கணவர் சொல்லிப் பார்த்தார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஆளனுப்பி மதினியையும் மாப்பிள்ளையையும் வரவழைத்தோம். மதினி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"ஏந் தம்பி, படிச்சவங்கன்னு ஒன் வீட்ல பொண்ணு எடுத்ததுக்கு இதுவா? அந்த டாக்டரம்மா கல்யாணமே ஆகாதவ. அவளுக்கு என்ன தெரியும் புள்ளைத்தாச்சியப் பத்தி? எங்க மருத்துவச்சி எம்புட்டுப் புள்ளைய இந்தக் கையால எடுத்திருக்கா!"

"அக்கா, கண்ணு போயிக்கிட்டிருக்கு அக்கா."

"புள்ளை பொறந்தா கண்ணு தன்னால வரும். எனக்கும் இவனைச் சொமக்கிறப்ப மங்கலாத்தான் இருந்துச்சு."

"மதினி, வயித்துல இருந்தா நான் வேண்டாம்னு சொல்வேனா? எனக்கு மட்டும் பேரப்புள்ளை ஆசை இல்லையா?" என்றேன். மதினி என்னைப் பார்த்துவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றினார்.

இப்படியே இழுத்தது. அவர்களும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். இரண்டு பக்கத்துத் தெய்வங்களுக்கும் விளக்கேற்றியாயிற்று. ஒவ்வொரு காலையிலும் நான் வடிவின் முன்னால் போய் நின்று, என்னை முழுசாகத் தெரிகிறதா என்று கேட்பேன். தெரியுது, தெரியுது என்று எரிந்து விழுவாள். ஒரு நாள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்கிறேன் என்று படியின் ஓரத்தில் வைத்துவிட்டாள். செம்பு உருண்டு முற்றத்தில் போய் விழுந்தது. அதை எடுக்க இறங்கியவள், அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அதைத் தேடினாள்.

மதினி படியில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். தானே இறங்கிப்போய்ச் செம்பை எடுத்து அவள் கையில் வைத்தார்.

முகம்

அன்று பிற்பகல். வெயில் கூடத்தில் பாதி வரை வந்திருந்தது. வடிவு மாப்பிள்ளையைத் தன் எதிரே உட்காரச் சொன்னாள். நானும் மதினியும் இருக்கும்போது அவரை அப்படி நேராக, "இங்க வந்து உக்காருங்க" என்று அவள் கூப்பிட்டதே புதுசு. அவர் என்னைப் பார்த்தார். போய் உட்கார்ந்தார்.

வடிவு அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி அவர் காதைத் தொட்டாள்.

"காது எங்கிட்டு இருக்குன்னு கைக்குத் தெரியுது. கண்ணுக்குத் தெரியல" என்றாள். "மூக்கு தெரியுது. வாய் தெரியுது. தாடி தெரியுது."

மாப்பிள்ளை குனிந்துகொண்டார்.

"குனியாதீக. அப்பறம் தலைமுடிதான் தெரியும்."

கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் முகத்தை முழுசாகத் திருப்பினாள். "அம்மா. நீ சொல்லு. வயித்துல ஒண்ணுமே இல்லையா?"

வகுப்பறையில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியை வீட்டிலே இத்தனை பேர் இருந்தும் என்னிடம்தான் கேட்டாள். மதினி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை தாயி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அழுவாள் என்று எதிர்பார்த்து நான் பக்கத்தில் நகர்ந்தேன். அவள் அழவில்லை. மாப்பிள்ளையின் தாடையைத் தடவிக்கொண்டே, ஏதோ சின்ன விஷயம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"இதை எடுத்துருங்க. வெயில் காலம். அரிக்கும்."

மாப்பிள்ளை எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு வெளியே போனார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார். முகம் மழுமழுவென்றிருந்தது. தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்து, வேறு யாருடைய முகமோ போலிருந்தது. மோவாயில் ஒரு கீறல், காயாத ரத்தம்.

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் தாடி எடுத்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மதினி வாசற்படியில் அவரைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சரிந்து உட்கார்ந்து அழுதார். அது வரை அந்த வீட்டில் யாரும் அந்தக் குழந்தைக்காக அப்படி அழவில்லை. இல்லாத குழந்தைக்கு எப்படி அழுவது என்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் அழுத பிறகுதான் நாங்களும் அழுதோம்.

வடிவு மட்டும் அழாமல், முந்தானை நுனியால் மாப்பிள்ளையின் மோவாய்க் கீறலைத் துடைத்தாள்.

மதினி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். என் கணவரைப் பார்த்து, "ரயிலு எப்ப தம்பி?" என்று கேட்டார்.

சென்னையில்

எழும்பூரில் இறங்கும்போது பாதிப் பட்டணம் காலியாக இருந்தது. குண்டு விழும் என்று பயந்து ஜனங்கள் ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களுக்கு எதிரே உள்ளே போனோம். ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது.

மண்டையைப் படம் எடுத்தார்கள். பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளைக்கு அடியில், எலும்பில், குதிரைச் சேணம் மாதிரி ஒரு சிறு பள்ளம் இருக்குமாம். வடிவுக்கு அது அகன்று, கிண்ணம் மாதிரி ஆகியிருந்தது. நாகர்கோவில் டாக்டரம்மா விரலால் சொன்னது சரிதான். முதலில் எக்ஸ்ரே வைத்தியம், பிறகுதான் கத்தியைப் பற்றிப் பேச்சு என்றார். திரும்பவும் மாதவிலக்கு வருமா என்று நான் கேட்டேன். அவர் நல்ல மனிதர். "உயிரும் கண்ணும் முதல்ல வரட்டும் அம்மா" என்றார்.

அந்த அறையில் மின்னல் அடித்த பிறகு வருகிற மாதிரி ஒரு வாடை இருக்கும். நெற்றிப் பொட்டுகளில் ஊதா மையால் கட்டம் போட்டு, மற்ற இடத்தை ஈயத் தகட்டால் மூடுவார்கள். பிறகு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே இயந்திரம் ஒரே சீராக முனகும். என் பிள்ளை தனியாகப் படுத்திருப்பாள். முதலில் வாந்தி அதிகமாயிற்று. பிறகு நெற்றிப் பக்கத்துத் தோல் கருத்தது. அந்த இடத்து முடி சீப்போடு வந்துவிட்டது. இன்றும் அங்கே முடி இல்லை. பூவை இறக்கி வைத்து மறைத்துக்கொள்வாள்.

என் கணவரும் மாப்பிள்ளையும் வேலைகளைப் பார்க்க ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் கூடவே இருந்தேன். அங்கே எனக்கு ஒரு வசதியான இடம் கிடைத்தது. அவள் கட்டிலுக்கு வலப்பக்கம், அவள் தோளுக்கு நேராக முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் அவளுக்கு என்னைத் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். குரலை ஒழுங்காக வைத்துக்கொள்ள வாத்தியார் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரி அவள் புருஷனைத் திட்டியது, கஞ்சி கொண்டுவருகிறவர் வழுக்கி விழப் பார்த்தது என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். கண்ணில் அது பாட்டுக்கு நீர் ஓடிக்கொண்டிருக்கும். வடிவு சிரிப்பாள்.

ஒரு நாள் காலை. அவள் தலையணையில் சாய்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நான் என் இடத்தில் உட்கார்ந்து, ஏதோ ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எதுக்கும்மா அழுவுறே?"

"யாரு அழுதா?"

"மூக்குத்தி வரைக்கும் தண்ணி ஓடுது. வாத்தியாரம்மா பொய் சொல்லலாமா?"

அவள் தலையைத் திருப்பவில்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்காலியை ஓசைப்படாமல் கொஞ்சம் பின்னால் தள்ளினேன்.

"எங்கிட்டுப் போறே? இப்பவும் தெரியுது. மங்கலாத் தெரியுது. மஞ்சச் சேலை."

நான் மஞ்சள் சேலைதான் கட்டியிருந்தேன். வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டேன்.

"இத்தனை நாளும் இங்கிட்டு ஒக்காந்துதான் அழுதியாம்மா?"

"ஆமாம் தாயி."

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டில் ஓரத்தில் தேடாமல், தடவாமல், சரியான இடத்தில் வைத்தாள்.

"எனக்கு அப்படி ஒரு எடம் கெடைக்கலையேம்மா" என்றாள்.

பிறகு இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து அதுவரை அவள் அழுததே இல்லை. நான் முக்காலியை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். என் முகத்தைத் துடைக்கவில்லை.